டேலியும் வேலரண்டும் ஒரே கீபோர்டில்: 60 போதுமா, 75 வேண்டுமா?

கோவை_ராக்கோழி:
வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறேன். ஆடிட்டர் ஒருவருக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், அதனால் பகல் முழுக்க டேலியும் எக்செலும்தான். இரவில் வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். மேசை சின்னது. மவுஸ் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வைத்து, கையை வீசிக் குறி பார்க்கிறவன் நான். இப்போதைய 104 விசைக் கீபோர்டின் ஓரத்தில் மவுஸ் போய் இடிக்கிறது. நண்பர்களில் பாதிப் பேர் 60 சதவீதம் எனும் மிகச் சின்ன அளவை வாங்கு என்கிறார்கள், மீதிப் பேர் எஃப் வரிசையும் அம்பு விசைகளும் சேர்ந்த 75 சதவீதம் என்கிறார்கள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்சைக் கையாலேயே கழற்றி மாற்றும் ஹாட்ஸ்வாப் கட்டாயம் வேண்டும். அப்புறம் கிரீஸ் போட்டு, விசையின் மேல்மூடியான கீகேப் மாற்றி, எனக்கு ஏற்றபடி கொண்டுவர ஆசை. காரணத்தோடு சொல்லுங்கள்.

விசைவேலன்:
60 வாங்கு தம்பி. ஃபங்ஷன் வரிசை, அம்பு விசைகள், நம்பர் பேட் எதுவும் கிடையாது. மொத்தம் 61 விசை. அம்பு விசையைத் தொட ஒவ்வொரு தடவையும் வலது கை இடத்தை விட்டுக் கிளம்பிப் போய்த் திரும்புகிறது. 60-இல் அந்தப் பயணமே இல்லை.

இது நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எயிட்டி வாடாவின் யோசனையில் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு 1996-இலேயே வந்துவிட்டது. அதில் 60 விசைதான். கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கன்ட்ரோலை வைத்தார்கள். இன்றைக்கும் அதன் வாரிசுகள் விற்பனையில் இருக்கின்றன.

இல்லாத விசைகள் எல்லாம் லேயரில் வரும், அதாவது ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் மற்ற விசைகள் வேறு வேலை செய்யும். கீபோர்டுக்குள்ளேயே ஓடும் கியூஎம்கே என்ற ஃபர்ம்வேர் உள்ள பலகையாகப் பார்த்து எடு, வியா என்ற செயலி மூலம் எந்த விசை என்ன செய்யும் என்பதை நீயே மாற்றிக்கொள்ளலாம். கேப்ஸ் லாக்கை அழுத்திப் பிடித்தால் ஐ, ஜே, கே, எல் நான்கும் அம்பு விசைகள். ஏ, எஸ், டி, எஃப் நான்கையும் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ், ஷிஃப்ட். பழகிவிட்டால் பெரிய கீபோர்டுக்குத் திரும்ப மனசு வராது.

இன்னொரு லாபம், எந்தக் கீகேப் செட் வாங்கினாலும் பொதுவான 60-க்கு அப்படியே பொருந்தும். வலது ஷிஃப்டும் ஸ்பேஸ் பாரும் வழக்கமான அளவுதான்.

பேரேடு:
வேலன் சொல்வது நிரல் எழுதுகிறவர்களுக்குச் சரி. தம்பி பார்ப்பது டேலி வேலை. டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். தேதி மாற்ற எஃப்2, காலத்தை மாற்ற ஆல்ட் எஃப்2. ஒரு நாளில் இவற்றை எத்தனை தடவை தட்டுகிறோம் என்று கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். 60-இல் ஆல்ட் எஃப்2 என்பது ஆல்ட், லேயரை மாற்றும் எஃப்என், 2 என்று மூன்று விசை.

இட விஷயத்தையும் அளந்து பார்ப்போம். விசைக்கு விசை இடைவெளி 19.05 மில்லிமீட்டர், அதை ஓர் அலகு என்பார்கள். 104 விசைப் பலகை 22.5 அலகு, அதாவது 429 மில்லிமீட்டர். 75 என்பது 16 அலகு, 305 மில்லிமீட்டர். 60 என்பது 15 அலகு, 286 மில்லிமீட்டர். சுற்றியுள்ள சட்டத்தைச் சேர்க்காத அளவு இது. முழுப் பலகையிலிருந்து 75-க்கு வந்தாலே மவுஸுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து 60-க்கு இறங்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஒரு விசை அகலம், இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. எஃப் வரிசை மேல்பக்கம்தான் இருக்கிறது, மவுஸ் பக்கம் ஒரு துளி இடம்கூட எடுப்பதில்லை. அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகப் பன்னிரண்டு எஃப் விசைகளையும் அம்பு விசைகளையும் விட்டுக்கொடுப்பானேன்?

விசைவேலன்:
அகலக் கணக்கு சரி அக்கா, மறுக்கவில்லை. ஆனால் 75-இலும் நம்பர் பேட் கிடையாது. கணக்கு வேலைக்கு எஃப் விசையைவிட முக்கியம் அதுதான். அதற்கு எப்படியும் லேயருக்குத்தானே வர வேண்டும்? யூ, ஐ, ஓ மூன்றும் 7, 8, 9. ஜே, கே, எல் 4, 5, 6. எம், கமா, புள்ளி 1, 2, 3. லேயர் பழகிவிட்டால் எஃப் விசையும் அதோடு பழகிவிடும்.

பேரேடு:
வவுச்சர் போடும்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள் வேலன். இடது கை பில்லைப் புரட்டுகிறது, தொகை மேல் விரலை வைத்து வரியைப் பிடித்துக்கொள்கிறது. வலது கை நம்பர் பேடில் இருக்கிறது. லேயர் விசையைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். ஒரு தட்டில் லேயர் மாறி அப்படியே நிற்கும்படி வைக்கலாம் என்பீர்கள். மாற்றியதை மறந்து பார்ட்டி பெயரைத் தட்டினால் பெயருக்குப் பதில் எண்கள் விழும்.

விரல் இடமும் ஒத்துவராது. நம்பர் பேடில் 7, 4, 1 ஒரே நேர்கோட்டில் இருக்கும். எழுத்து வரிசையில் யூவிலிருந்து ஜே கால் அலகு தள்ளி, ஜேயிலிருந்து எம் அரை அலகு தள்ளி. வருடக்கணக்கில் பார்க்காமலே எண் தட்டிப் பழகிய விரல் அங்கே தவறும். தொகையில் ஓர் இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்பது கணக்கு எழுதுகிறவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் யோசனை, 75 ஒன்று, தனி நம்பர் பேட் ஒன்று. பகலில் பக்கத்தில் வை, இரவில் எடுத்து ஓரமாக வைத்துவிடு.

காந்தவிசை:
எல்லாரும் கணக்கையே பேசுகிறீர்கள், வேலரண்ட் பாவம். ராக்கோழி நண்பா, சாதாரண மெக்கானிக்கல் வாங்காதீர்கள், காந்த ஸ்விட்ச் வாங்குங்கள். சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்சான செர்ரி எம்எக்ஸ் ரெட்டில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரில் பதிவாகும். விட்ட பிறகு ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே வந்தால்தான் விசை அணைந்ததாகக் கணக்கு. காந்த ஸ்விட்சில் விசை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் தொடர்ந்து அளக்கிறது. அதனால் விரல் கொஞ்சம் எழுந்தாலே அணைந்துவிடும், மறுபடி கொஞ்சம் அமுங்கினாலே பதிவாகும். ரேபிட் ட்ரிகர் என்பது இதுதான். நெதர்லாந்தின் வூட்டிங் பிரபலமாக்கியது, இப்போது பல சீன நிறுவனங்கள் குறைந்த விலையிலேயே தருகின்றன.

வேலரண்டில் ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா எங்கோ போகும், நின்று சுட வேண்டும். இடம் வலமாக நகர்த்தும் ஏ, டி விசைகள் எவ்வளவு சீக்கிரம் அணைகின்றனவோ அவ்வளவு சீக்கிரம் நிற்பீர்கள்.

கிரீஸ்_குமரன்:
காந்தம் வேகமானது, சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டவர் ஸ்விட்ச் மாற்றி விளையாட ஆசைப்படுகிறார். காந்தப் பலகையில் சாதாரண ஸ்விட்சைப் பொதுவாகப் போட முடியாது. ஒரு நிறுவனத்தின் காந்த ஸ்விட்ச் இன்னொன்றில் சரியாக வேலை செய்யும் என்ற உறுதியும் கிடையாது, காந்தத்தின் வலிமையும் திசையும் மாறும். பல மாடல்கள் வியாவுக்கு வராது, அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளோடுதான் காலம் தள்ள வேண்டும். பகல் பூராவும் டேலி தட்டுகிறவருக்கு நுனி விரல் பட்டாலே பதிவாகிற விசை தொல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பலகைகளில், ஏ, டி போன்ற எதிர்த்திசை விசைகள் இரண்டும் அமுங்கியிருந்தால் கடைசியாக அழுத்தியதை மட்டும் தானே எடுத்துக்கொள்கிற வசதியும் சேர்ந்து வருகிறது. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் அதை ஸ்னாப் டேப் என்று கொண்டுவந்தது. ஆகஸ்டிலேயே கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கேமை உருவாக்கிய வால்வ், அதன் அதிகாரபூர்வ சர்வர்களில் இந்த வசதியைத் தடை செய்துவிட்டது.

காந்தவிசை:
தடை ஸ்னாப் டேப்புக்குத்தான், ரேபிட் ட்ரிகருக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது குமரன். நுனி விரல் பிரச்சினைக்கு இரண்டு ப்ரொஃபைல் வைத்துக்கொண்டால் போதும். வேலைக்கு 2 மில்லிமீட்டர், கேமுக்கு ரேபிட் ட்ரிகர். வியா வராது என்பதை மட்டும் பாதி ஒப்புக்கொள்கிறேன்.

ழகரம்:
யாரும் தொடாத ஒரு விஷயம். ராக்கோழி, இங்கே தமிழில்தானே எழுதுகிறீர்கள்? தமிழ்99 என்ற விசை அமைப்பைப் பயன்படுத்துபவர் என்றால் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். 1999-இல் சென்னை மாநாட்டில் தரமாக்கப்பட்ட இந்த அமைப்பில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்பு விசைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவருக்கு இவை ஓரத்து விசைகள். நமக்கு இவை எழுத்துகள். 60-க்கும் கீழே 40 வரைக்கும் போகிற பலகைகளில் முதலில் காணாமல் போவது இவைதான். 60-இலேயே சில மாடல்களில் சாய்கோட்டை மேல் அம்பாக மாற்றுகிற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ழ போய்விடும்.

வேலன் சொன்ன ஏ, எஸ், டி, எஃப் யோசனை தமிழுக்கு ஆகவே ஆகாது. அவை நமக்கு அ, இ, உ, புள்ளி. ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் இடது கை அங்கே வந்து போகிறது. கியூஎம்கேயில் தட்டலா பிடித்தலா என்று முடிவெடுக்கும் அவகாசம் இயல்பாக 200 மில்லிவினாடி. வேகமாகத் தட்டும்போது ஒரு விரல் எழுவதற்கு முன் அடுத்த விரல் இறங்கிவிடும், யோசித்து நிறுத்துகிற இடங்களில் விரல் விசை மேலேயே நின்றுவிடும். இகரம் வர வேண்டிய இடத்தில் ஆல்ட் போய் மெனு திறந்தால் எழுதும் ஓட்டமே அறுந்துவிடும்.

விசைவேலன்:
ழகரம், அதற்கு வழி இருக்கிறது. இந்தப் பிடித்தல் வேலை எதுவும் இல்லாத ஒரு லேயரைத் தமிழுக்கென்று தனியாக வைக்கலாம். மொழியை மாற்றுகிற அதே குறுக்குவிசையில் லேயரும் சேர்ந்து மாறும்படி மேக்ரோ எழுதிவிடலாம்.

ழகரம்:
கணினியில் மவுஸால் மொழியை மாற்றினால் கீபோர்டுக்கு அது தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். தமிழ் தட்டுகிறவருக்கு எழுத்து விசைகள் எழுத்து விசைகளாகவே இருக்கட்டும் அண்ணா. லேயர் வேலைக்குக் கேப்ஸ் லாக் ஒன்று போதும்.

கோவை_ராக்கோழி:
எல்லாருக்கும் நன்றி. தமிழ்99 தான் பயன்படுத்துகிறேன். பில்லைப் புரட்டும் இடது கை என்று அக்கா எழுதியதைப் படித்ததும் 60 எனக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. காந்தம் ஆசையைக் கிளப்புகிறது, ஆனால் ஸ்விட்ச் மாற்றிப் பார்க்கும் ஆசை அதைவிடப் பெரியது. கியூஎம்கே, வியா வருகிற 75, ஹாட்ஸ்வாப், தனி நம்பர் பேட். ஸ்விட்ச் எது? வீட்டில் குழந்தை தூங்கும், சத்தம் கூடாது. கையில் வந்ததும் முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

கிரீஸ்_குமரன்:
சத்தம் கூடாது என்றால் ப்ளூ மாதிரி கிளிக் ஸ்விட்ச் பக்கமே போகாதே. ரெட்டோ, கொஞ்சம் அழுத்தமான கேட்டரான் யெல்லோவோ எடு. இரண்டும் தடையில்லாமல் நேராக இறங்கும். குழந்தைக்காக இன்னும் அமைதி வேண்டும் என்றால் உள்ளே ரப்பர் வைத்த சைலன்ட் ஸ்விட்ச் கிடைக்கிறது.

முதல் வேலை ஸ்டெபிலைசர், அதாவது நீளமான விசைகள் சாயாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி அமைப்பு. ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் கடகடவென்று ஆடினால் எவ்வளவு நல்ல ஸ்விட்ச் போட்டாலும் கேட்கச் சகிக்காது. கம்பி நுனியில் டைஎலக்ட்ரிக் கிரீஸ், பிளாஸ்டிக் உரசும் இடங்களில் கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற கிரீஸ். ஸ்விட்சுக்குள் போடுவதாக இருந்தால் அதே கிரைடாக்ஸை மெல்லிய பிரஷ்ஷில், பளபளப்பு தெரிகிற அளவுக்கு மட்டும் தடவு. அதிகமானால் விசை சேற்றில் கால் வைத்த மாதிரி மந்தமாகிவிடும். உள்ளே திறக்கும்போது பேட்டரி உள்ள மாடல் என்றால் முதலில் அதன் இணைப்பைக் கழற்று.

ஸ்விட்சைச் சொருகும் முன் இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார். கெடுவதில் பாதி அங்கேதான். பலகை மூன்று கால் ஸ்விட்சுக்கு மட்டும் என்றால் ஐந்து கால் ஸ்விட்சின் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நறுக்கிவிடலாம், ஒன்றும் ஆகாது.

கீகேப்பில் ஒரு எச்சரிக்கை. 75-இல் வலது ஷிஃப்ட் 1.75 அலகு, வழக்கமான 2.75 அதில் உட்காராது. வலது ஆல்ட், கன்ட்ரோல் பல மாடல்களில் ஓர் அலகுதான். செட்டில் இந்த அளவுகள் இருக்கின்றனவா என்று படத்தைப் பார்த்து எண்ணிவிட்டுப் பணம் கட்டு. பிபிடி பிளாஸ்டிக்காக எடு, ஏபிஎஸ் விரல் பட்டுப் பட்டுச் சீக்கிரம் எண்ணெய்ப் பளபளப்பு ஏறிவிடும்.

காந்தவிசை:
முடிவெடுத்துவிட்டீர்கள், சரி. கேமின்போது மட்டும் கேபிளிலோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளிலோ ஆடுங்கள், ப்ளூடூத்தில் ஆடாதீர்கள். கேபிளில் ஆயிரம் ஹெர்ட்ஸ் வருகிற பலகை ஒரு மில்லிவினாடிக்கு ஒரு தடவை நிலையைச் சொல்லும்.

விசைவேலன்:
75 எடுத்தாலும் லேயரைக் கைவிடாதே தம்பி. கேப்ஸ் லாக்கைப் பிடித்தால் ஐ, ஜே, கே, எல் அம்பாக இருக்கட்டும். எக்செலில் செல் செல்லாக நகர அதைவிட வசதி வேறு இல்லை. யூ, ஓ இரண்டையும் ஹோம், எண்ட் ஆக்கிவிடு.

பேரேடு:
அது நல்ல யோசனை. ஆனால் கேப்ஸ் லாக்கை முழுக்க எடுத்துவிடாதே. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, பான் எண் 10, இரண்டையும் பெரிய எழுத்தில்தான் போட வேண்டும். தட்டினால் கேப்ஸ் லாக், பிடித்தால் லேயர் என்று வியாவில் வைத்துக்கொள். எழுத்து விசை இல்லை என்பதால் ழகரம் சொன்ன தொல்லையும் அங்கே வராது.