கஞ்சாக் கும்பல் எப்படி உருவாகுது, எதுல வளருது?

பவானிக்கரை:
"போலீஸ் நெனச்சா ஒரே வாரத்துல கஞ்சாக் கும்பலை ஒழிச்சிரலாம்"னு நேத்து சூலூராரு எழுதியிருந்தாருங்க. நான் ஒத்துக்க மாட்டேன். செடி விளையறது ஆந்திரா, ஒடிசா எல்லை மலையில, பாடேரு, மல்கான்கிரி பக்கம். இழுக்கறவன் இங்க ஈரோட்டுல, கோயமுத்தூர்ல. அங்க வாங்க ஒருத்தன், ரயில்ல கொண்டார ஒருத்தன், எறக்கி வைக்க, பொட்டலம் போட, விக்க வேற வேற ஆளு. ஒவ்வொரு கை மாறயிலும் விலை ஏறுது. அந்தக் காசுதான் கும்பலைச் சேர்க்குது.

சூலூரான்:
பருத்தியும் குஜராத்துல இருந்துதாங்க வருது. அதுக்கு எந்த மில்லாவது அடியாள் வெச்சிருக்குதா? பயம் விட்டுப் போச்சு, அதான் காரணம். கஞ்சா ஒரு கிலோ வரைக்கும் சட்டப்படி 'சிறு அளவு'. புடிச்சாலும் ஜாமீன்ல வந்து அதே பேக்கரி முக்குல நிக்கறான். என் மச்சான் பையன் படிக்கற காலேஜ் வாசல்ல கண்ணால பாத்திருக்கேன். லாபம் லாபம்னு பேசினா, விக்கறவன் மேல தப்பே இல்லேங்கற மாதிரி ஆயிருமுங்க.

பவானிக்கரை:
தப்பில்லேன்னு சொல்லலீங்க. பருத்தியில பணம் வரலேன்னா கோர்ட்டுக்குப் போலாம். கஞ்சாவுல ஏமாத்தினா எங்க போறது? அதுக்குத்தான் அருவா தூக்க நாலு பேரை வெச்சுக்கறான். யாவாரம் கும்பலா மாறற எடம் அதுதான்.

1985 போதைப்பொருள் சட்டத்துல 20 கிலோவைத் தாண்டினா 'வணிக அளவு'. குறைஞ்சது 10 வருசம், ஜாமீன் குதிரைக்கொம்பு. அதனால மூட்டையைப் பிரிச்சு ஏழெட்டுப் பசங்க முதுகுப்பையில ஏத்தி விடறான். ஒருத்தன் மாட்டினாலும், மேல இருக்கறவன் பேரே அவனுக்குத் தெரியாது. கொலம்பியாவுல 1993-ல கொக்கைன் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரைச் சுட்டுக் கொன்னாங்க. சரக்கு நின்னுதா? காலிங்கற ஊருக் கும்பல் அந்த எடத்தைப் புடிச்சுது.

மருந்துக்கடை, திருப்பூர்:
ரெண்டு பேரும் கஞ்சாவையே பேசறீங்க. போன ஆடியில கடை சாத்தற நேரத்துக்கு ஒரு பையன் வந்தான், பத்தொன்பது இருக்கும். முடியெல்லாம் பனியன் பஞ்சு. வலி மாத்திரைக்குச் சீட்டு நீட்டினான். ஜெராக்ஸ் காயிதம், தேதி மட்டும் பேனாவுல திருத்தியிருந்துச்சு. முழங்கை மடிப்புல கருப்புக் கருப்பா ஊசிப் புள்ளி. டிராமடாலுங்கற வலி மாத்திரையை 2018-ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டாந்த பொறகு டபென்டடால்னு இன்னொரு வலி மாத்திரை கேட்டு வர்றாங்க, கரைச்சு ஊசியில ஏத்திக்க. தர மாட்டேன்னுட்டேன்.

அடுத்த மாசம் மறுபடி வந்தான். இந்தத் தடவை அட்டைக் கணக்கில்லை, பெட்டி. "விலை எவ்வளவு வேணா போட்டுக்கங்ணா"ங்கறான். அவனுக்கு மாத்திரை ஓசியில கெடைக்கோணும்னா ரூம்ல நாலு பேருக்கு விக்கோணும். அந்த நாலு பேரும் நாளைக்கு இதையேதான் செய்வாங்க. யாரும் கும்பல் சேரோணும்னு கெளம்பி வர்றதில்லீங்க.

சூலூரான்:
அவனைப் புடிச்சுக் குடுத்தீங்களா இல்லையா?

மருந்துக்கடை, திருப்பூர்:
இல்லீங்க. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போனேன். போதைக்கு அடிமையாகி, தானா சிகிச்சைக்கு வர்றவனுக்கு, சிறு அளவு வழக்குல அதே போதைப்பொருள் சட்டத்தோட 64-ஏ பிரிவு விலக்கு குடுக்குது.

சூலூரான்:
அது சரிங்க, மனசார சொல்றேன். ஆனா பெட்டி கேட்டு அந்தப் பையனை எவனோ அனுப்பியிருப்பான். அனுப்பினவனை விட்டீங்கன்னா நாளைக்கு வேற பையன் வருவான்.

மருந்துக்கடை, திருப்பூர்:
அவன் யாருன்னு பையனுக்கே தெரியலீங்க. வாட்ஸ்அப் நம்பர் ஒண்ணுதான் இருந்துச்சு. அதை ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருக்கேன்.