பழைய அரண்மனைகள்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தெற்குவாசல்:
மகாலில் கோர்ட் இருந்த காலத்தில் எங்கள் தாத்தா அங்கே வக்கீல் குமாஸ்தா. 1970 வரை மாவட்ட கோர்ட் திருமலை நாயக்கர் மகாலில்தான் நடந்தது. மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப்போனேன். உள்ளே வந்தவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, நேராக ஒரு தூணிடம் போனார். "இதுக்கு அடியிலதான்டா என் பெஞ்சு கிடந்துச்சு." கை எட்டும் உயரம்வரை அந்தத் தூண் முழுக்கப் பெயர்கள், அம்பு துளைத்த இதயங்கள், எல்லாம் சாவியால் கீறியவை. தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அழுக்கு என்று நினைத்துத் துண்டு நுனியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். அது போகாது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றுவரை உறுத்துகிறது.

தக்கலை:
அரண்மனையில் கோர்ட் வைத்ததே தவறு என்பேன். எங்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்து பாருங்கள். இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். போன மாதம் என் மகள் அந்தக் கறுப்புத் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். அதட்டப் போனேன். "அப்பா, ஜன்னல் தரைக்குள்ள இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தால் மர அழியில் ஒரு கம்பி விடாமல் தரையில் தெரிகிறது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்ட தரை என்பார்கள். அதன்மேல் நாற்காலி மேசையை இழுத்து ஆபீஸ் நடத்தினால் என்ன மிஞ்சும்?

காரைக்கை:
தக்கலை நண்பருக்கு: திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக மிஞ்சியதுதான் இன்றைய மகால். நேப்பியர் பிரபு 1866-72இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது அதைப் பழுதுபார்க்க வைத்தார். அதன்பின் கோர்ட் நடந்ததால்தான் தினமும் ஆள் புழங்கினார்கள், ஒழுகினால் ஒருவர் பார்த்துச் சொன்னார். பூட்டிக் கிடந்தால் முதலில் ஆலங்கன்றுதான் குடியேறும்.

என் அனுபவம் வேறு. ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்த ஒரு ஜமீன் அரண்மனையில் மேற்பார்வை பார்த்தேன். எப்போதோ யாரோ சுவர் முழுக்க சிமென்ட் பூசியிருந்தார்கள். தட்டினால் தொம்மென்று சத்தம். பெரியவர் ஒருவர், கொத்தனார், கரண்டி முனையால் நெம்பினார். பாய் அகலத்துக்குப் பூச்சு அப்படியே கழன்று வந்தது. பின்னால் செங்கல் ஈரமாக, விரல் பட்டாலே உதிர்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "உப்புய்யா" என்றார். கண் கலங்கியிருந்தது. சுண்ணாம்புக் காரை, சுவரில் ஏறுகிற ஓதத்தை, அதாவது ஈரத்தை, வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துவிடும், உள்ளேயே உப்புப் பூத்து செங்கல்லைத் தின்னும். அந்தச் சுவரைக் காப்பாற்ற முடியவில்லை.

நாட்டரசன்கோட்டை:
எங்கள் பூர்வீக வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர் முதல் நாளே முகப்புக் கதவைக் கழற்றி லாரியில் ஏற்றினார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் பழைய வீட்டையோ அரண்மனையையோ விடுதியாக்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் செலவு கூரைக்கு. ஒழுகல் நிற்காமல் உள்ளே பெயின்ட் அடிக்காதீர்கள். குளியலறையைப் பழைய சுவரைக் குடைந்து வைக்காதீர்கள், பின்கட்டில் தனியாகக் கட்டுங்கள், குழாய் வெளியிலேயே ஓடட்டும். காரைக்குக் கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊற வேண்டும், அவசரப்படுகிற கான்ட்ராக்டர் வேண்டாம். வயரிங் முழுக்கப் புதிதாக இருக்கட்டும். மரக்கூரையில் தீப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில், ஆற்காடு நவாபுகளின் அரண்மனையான கலசமகாலில் பார்த்தோமே, ஒரே இரவில் கூரை போய்விட்டது. இனி இடிக்கத்தான் வேண்டும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். சுண்ணாம்பு வைத்தே மறுபடி எடுத்துக் கட்டினார்கள், இன்று சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. தக்கலை, அதுவும் கோர்ட் மாதிரிதான்!

தக்கலை:
கலசமகால் சரி, ஒப்புக்கொள்கிறேன். பத்மநாபபுரத்துத் தரையில் மட்டும் நாற்காலி போட விடமாட்டேன்.

காரைக்கை:
தெற்குவாசல், அது எந்தத் தூண்?

தெற்குவாசல்:
முற்றத்தில் சொர்க்கவிலாசத்தை, அதான் அரியணை மண்டபத்தை, பார்த்து நின்றால் இடப்பக்க வரிசையில் மூன்றாவது. தாத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தத் துண்டை அம்மா இன்னும் துவைக்கவில்லை, சுண்ணாம்புத் தூள் ஒட்டியபடியே பீரோவில் இருக்கிறது.