சென்னையின் எஃப்சி ஐ-லீக்குக்கு இறங்கினா கூட வருவீங்களா?

பெரம்பூர்_நீலம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த 2026 பிப்ரவரி 14-ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக், நாட்டோட முதல்நிலை கால்பந்து லீக்) ஆரம்பம், 14 அணியும் ஆடும்னு விளையாட்டு அமைச்சர் அறிவிச்சிட்டார். போன ஜூலையில சீசனை நிறுத்தி வச்சதுலேர்ந்து பட்ட தவிப்பு நமக்குத்தான் தெரியும். 2010-ல ஏஐஎஃப்எஃப் (அகில இந்திய கால்பந்து சம்மேளனம்) வணிக உரிமைக்காகப் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பரோட முடிஞ்சுபோச்சு. புதுசா டெண்டர் விட்டாங்க, ஒருத்தரும் வரல. பெங்களூரு எஃப்சி ஆகஸ்ட்லயே முதல் அணியோட சம்பளத்தை நிறுத்தி வச்சது. கடைசியில வீரர்களே ஒண்ணு சேர்ந்து, ஃபிஃபா தலையிடணும்னு வீடியோ போட வேண்டி வந்தது.

லீக் திரும்பி வருது, சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துல ரெலிகேஷன் பேச்சு, அதாவது கடைசியில வர்ற அணி அடுத்த நிலையான ஐ-லீக்குக்கு இறங்கணுங்கற பேச்சு, அடிபட்டுப் போயிடக் கூடாது. 2019 அக்டோபர்ல கோலாலம்பூர்ல ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு) ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தது. அதன்படி 2024-25 சீசனுக்குள்ள ஏறுறதும் இறங்குறதும் ரெண்டுமே வந்திருக்கணும். ஏறுறது வந்தது: பஞ்சாப் எஃப்சி, முகமதன் ஸ்போர்ட்டிங், இப்போ இன்டர் காசி. 2025 முடியற வரைக்கும் இறங்கின அணி ஒண்ணுகூட இல்ல. போன செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த ஏஐஎஃப்எஃப் விதிகள்லயும், முதல்நிலை லீக்னா ரெண்டும் இருக்கணும்னுதான் இருக்கு.

நான் 2014-லேர்ந்து சென்னையின் எஃப்சி ரசிகன், நீலம். 2015 வெள்ளம் வடிஞ்சு, சேறு ஊறின பாய் தலகாணியை மொட்டைமாடியில காயப் போட்டுட்டு, கரண்ட் வந்திருந்த பக்கத்துத் தெரு வீட்டுல போய் உக்காந்து செமிஃபைனல் பாத்தோம். நம்ம ஊர்ல நடக்க வேண்டிய ஆட்டம், வெள்ளத்தால புனேவுக்குப் போயிருந்தது. அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 அடிச்சோம். அந்த வீட்டுப் பாட்டிக்குக் கால்பந்துன்னா என்னன்னே தெரியாது, "நம்ம ஊர் ஜெயிச்சுதாப்பா"ன்னு கேட்டாங்க. அடுத்து கோவாவுல ஃபைனல். 90-வது நிமிஷம் வரைக்கும் 2-1 பின்னாடி இருந்து, மெண்டோசா கோல்ல 3-2.

அந்தப் பிடிப்போடதான் கேக்கறேன். போன சீசன் 13 அணியில நாம 11-வது. ரெலிகேஷன் வந்தா அடுத்த அடி நமக்கே விழலாம். விழட்டும்னுதான் சொல்றேன். தோத்துக் கீழ இறங்கினா ஐ-லீக் ஆட்டத்துக்கும் அதே பி ஸ்டாண்டுல நிப்பேன். என் பயம் வேற. புனே அணியைக் கலைச்சாங்க, அந்த இடம் ஹைதராபாத்துக்குப் போச்சு. ஹைதராபாத் 2021-22-ல கோப்பையே தூக்கிச்சு. இப்போ அதே அணி டெல்லிக்குப் போய் வேற பேர்ல இருக்கு. ஹைதராபாத்துல மஞ்சள் ஜெர்சி போட்டுக் கத்தினவங்க இப்போ எங்க போவாங்க? கீழ இறங்கின கிளப்புக்காகக் காத்திருக்கலாம். ஊரை விட்டே போன கிளப்புக்காக எப்படிக் காத்திருக்கறது?

நீங்க என்ன நினைக்கறீங்க? மனசுல இருக்கறதை அப்படியே எழுதுங்க.

தி_நகர்_ஆடிட்டர்

தம்பி, உங்கள் உணர்வு புரிகிறது. நானும் நேரு ஸ்டேடியத்துக்கு வருபவன்தான். ஆனால் வரவு செலவு பார்க்கிற தொழிலில் இருப்பதால் எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது.

இந்தியாவில் கிளப்புகள் இறங்கிச் சாகவில்லை, பூட்டிச் செத்தன. மகிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. முதல் தேசிய லீக்கை வென்ற ஜேசிடி 2011-ல் மூடப்பட்டது. இரண்டுக்கும் ரெலிகேஷன் காரணமில்லை. பின்னால் இருந்த நிறுவனத்துக்கு ஆர்வம் தீர்ந்தது, அவ்வளவுதான். ஐஎஸ்எல் முதலாளிகள் 2014-லிருந்து கோடிக்கணக்கில் கட்டணம் கட்டி, நட்டத்தில் ஓட்டுகிறார்கள். மும்பை சிட்டியில் இருந்த சிட்டி ஃபுட்பால் குழுமமே 2025 டிசம்பரில் பங்கை விட்டுவிட்டு வெளியேறிவிட்டது. இந்த நிலையில் "அடுத்த வருடம் ஐ-லீக்கில் ஆடு" என்றால், ஸ்பான்சர் முதலில் போவார், பிறகு முதலாளி போவார். நீங்கள் பி ஸ்டாண்டில் நிற்கத் தயார். எதிரில் ஆட அணி இருக்குமா?

ஐ-லீக்கில் ஒளிபரப்பு உருப்படியாக வரட்டும். கீழே இறங்கும் கிளப்புக்கு இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க ஒரு நிதி வரட்டும். மூன்று வருட முன்னறிவிப்பு வேண்டும். அதன் பிறகு செய்யலாம்.

கோவை_கேலரி

ஆடிட்டர் சார், "முதல்ல அது வரட்டும், அப்புறம் இது"ன்னு சொல்லிச் சொல்லியே என் கிளப் போயிடுச்சு.

நான் மயிலாப்பூர் பொண்ணு. ஆனா என் அணி சென்னை சிட்டி எஃப்சி. சென்னைப் பேரை வச்சுக்கிட்டு கோயம்புத்தூர்ல ஆடினாங்க, அதுல எனக்கும் வருத்தம் உண்டு. இருந்தாலும் 2019 மார்ச் 9-க்கு முந்தின ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறினோம். மினர்வா பஞ்சாபோட கடைசி ஆட்டம். அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் அணியோட ஈஸ்ட் பெங்கால் ஆடுது. நமக்கும் அவங்களுக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஆரம்பத்துலயே மினர்வா கோல் போட்டுட்டாங்க. கேலரியில பாதிப் பேர் மைதானத்தைப் பாக்கறாங்க, பாதிப் பேர் போனைப் பாக்கறாங்க. எங்க வரிசையில ஒரு பெரியவர் கோழிக்கோடு ஸ்கோரை யாரும் சொல்லக் கூடாதுன்னு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தார். ரெண்டாவது பாதியில மான்ஸி பெனால்டி. அப்புறம் கௌரவ் போரா, ஒரு டிஃபெண்டர், ரெண்டு கோல். 3-1. நாங்க 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. இந்தியாவோட ஐ-லீக் சாம்பியன் தமிழ்நாட்டு அணி.

அதே சீசன் ஐஎஸ்எல் பட்டியலை எடுத்துப் பாருங்க. முந்தின வருஷ சாம்பியன் சென்னையின் எஃப்சி கடைசி இடம். 18 ஆட்டத்துல 9 புள்ளி. உலகத்துல பெரும்பாலான நாட்டு லீக் மாதிரி இருந்திருந்தா அந்தக் கோடையில எங்க அணி மேல போயிருக்கும், உங்க அணி கீழ வந்திருக்கும். ரெண்டும் நம்ம மாநிலத்து அணி. என்ன நடந்தது? நீங்க அங்கேயே இருந்தீங்க, நாங்களும் அங்கேயே இருந்தோம். அந்த வருஷம் சுவிட்சர்லாந்துலேர்ந்து எஃப்சி பாசல் வந்து எங்க அணியில 26 சதவீதப் பங்கு வாங்கினாங்க. 2020-21-க்கு அப்புறம் சென்னை சிட்டி ஐ-லீக்லயே இல்ல. உள்ளுக்குள்ள என்னென்ன சிக்கலோ, அதை நான் பேசப் போறதில்ல. மேல போற வழி அடைச்சிருந்த கிளப்புல தொடர்ந்து யார் பணம் போடுவாங்க, அதை மட்டும் சொல்லுங்க சார்.

இறங்கினா கிளப் மூடிடும்னு பயப்படறீங்க. ஏற முடியாம மூடின கிளப்புக்கு யாரும் அழல. எங்களை மாதிரி கொஞ்சம் பேர் அழுதோம்.

பெரம்பூர்_நீலம்

சகோதரி, 2019 சீசனை நான் இப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்ததில்ல. அந்த வருஷம் நம்ம ஏஎஃப்சி கோப்பை சொந்த ஆட்டங்களையே அகமதாபாத்துல ஆடினாங்க. சொந்த ஊர் ஆட்டத்தை டிவியில பாக்கற கொடுமை எங்களுக்கும் தெரியும். நீங்க ராத்திரி ரயில் ஏறிப் போய்ப் பாத்திருக்கீங்க.

வியாசர்பாடி_கோச்

தம்பிங்களா, நீங்க எல்லாரும் மேலேர்ந்து பாக்கறீங்க. நான் கீழேர்ந்து சொல்றேன்.

ரெலிகேஷன் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி பேசறோம். நம்ம சென்னை லீக்ல எத்தனையோ காலமா இருக்குது. சீனியர் டிவிஷன், அதுக்குக் கீழ ஒவ்வொரு டிவிஷனா. ஜெயிச்சா மேல, தோத்தா கீழ. நான் ஒரு சின்ன டீம் நடத்துறேன். பசங்க எல்லாம் ஏரியா பசங்க. கொரியர் ஓட்டுறவன், ஏசி மெக்கானிக், காலேஜ் படிக்கறவன். ஷூ தேஞ்சா அடியில பெவிகுயிக் போட்டு ஒட்டி ஆடுவானுங்க.

ஒரு வருஷம் கடைசி மேட்ச். டிரா பண்ணா தப்பிப்போம், தோத்தா இறங்குவோம். சாயந்திரம் மேட்ச், ஒருத்தனுக்கு லீவு தரல, யூனிஃபார்மோட நேரா கிரவுண்டுக்கு வந்து பைக்லயே ஜெர்சி மாத்தினான். ஏரியாவே வந்து நின்னுச்சு. மீன் விக்கற அக்கா அன்னிக்கு வியாபாரத்தைச் சீக்கிரம் முடிச்சுட்டு வந்து டச் லைன்ல நின்னாங்க. அதுவரைக்கும் எங்க மேட்சுக்கு வீட்டு ஆளுங்ககூட வந்ததில்ல. கடைசி நேரத்துல ஒரு கார்னர், எதிர் டீம் ஸ்டாப்பர் தலையால முட்டி உள்ள போட்டுட்டான். இறங்கிட்டோம். என் கோல்கீப்பர் போஸ்ட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கவே இல்ல.

அடுத்த சீசன் கீழ் டிவிஷன்ல முதல் மேட்ச். போன வருஷம் வந்த அத்தனை பேரும் வந்தாங்க. ஒரு பையன்கூட டீமை விட்டுப் போகல. ஏரியாவுல வசூல் பண்ணி புது ஜெர்சி வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி நாங்க ஒரு டீம், அவ்வளவுதான். இறங்கின அன்னிக்குத்தான் எங்களுக்கு ஏரியா கிடைச்சுது.

இன்னொண்ணு. தனபால் கணேஷ் எங்க ஏரியா. சென்னையின் எஃப்சி 2017-18-ல சாம்பியன் ஆனப்போ அந்த டீம்ல ஆடினான். நந்தகுமார் சேகர் நம்ம சென்னைப் பையன், சென்னை சிட்டியில ஆடினவன், 2023 டூரண்ட் கோப்பையில மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்கு அவன்தான் வின்னிங் கோல் போட்டான். பசங்க தனித்தனியா மேல போயிடுறாங்க. டீம் போக வழி இல்ல. ஸ்டேட் லெவல்ல ஆடுற டீமுக்கு இப்போ ஐ-லீக் 3-ன்னு ஒரு வாசல் இருக்குது. அதுலேர்ந்து 2, அப்புறம் ஐ-லீக், அப்புறம் ஐஎஸ்எல். காகிதத்துல படிக்கட்டு முழுசா இருக்குது. மேல் படியில இருக்கறவங்க நகர மாட்டேங்கறாங்க.

அம்பத்தூர்_டு_யோகோஹாமா

வேலைக்காக ஜப்பான் வந்த அம்பத்தூர்க்காரன். சுருக்கமா சொல்றேன்.

ஜே-லீக் 1993-ல ஆரம்பிக்கறப்போ 10 கிளப்தான், நம்மைப் போலவே யாரும் இறங்காத லீக். கிளப் பேர்ல நிறுவனத்தோட பேர் இருக்கக் கூடாது, ஊர்ப் பேர் இருக்கணும்னு ஆரம்பத்துலேர்ந்தே பிடிவாதமா நின்னாங்க. 1999-ல ஜே2 கொண்டுவந்து ஏற்ற இறக்கம் வச்சாங்க. இப்போ மூணு நிலையிலயும் 20, 20, 20-ன்னு 60 கிளப். ஆடிட்டர் சார் சொல்ற முன்னறிவிப்பும் சரிதான், ஆனா இவங்க ஆறு வருஷத்துல தொடங்கிட்டாங்க. நம்ம ஐஎஸ்எல்லுக்கு இது 12-வது சீசன்.

இங்க யோகோஹாமா ஃப்ளூகல்ஸ்னு ஒரு கிளப் இருந்தது. பணம் இல்லாம பக்கத்து மரினோஸோட இணைச்சாங்க. 1999 ஜனவரி 1-ல எம்பரர் கோப்பையை ஜெயிச்சாங்க, அதுதான் அந்தக் கிளப்போட கடைசி ஆட்டம். ரசிகர்கள் மரினோஸுக்குப் போகல. பணம் சேத்து யோகோஹாமா எஃப்சின்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கீழேர்ந்து ஏறி 2007-ல முதல் டிவிஷன்ல ஆடினாங்க. ஏற வழி இருந்ததாலதான் அது முடிஞ்சுது.

நம்ம நாட்டுலயும் உதாரணம் இருக்கு. 2020-ல கொல்கத்தாவோட ரெண்டு அணி, ஏடிகே-வும் (பழைய அட்லெட்டிகோ டி கொல்கத்தா) மோகன் பகானும் சேந்து பேருக்கு முன்னாடி ஏடிகே வந்தப்போ, ரசிகர்கள் மூணு வருஷம் விடாம எதிர்த்தாங்க. 2023-ல பேரை எடுக்க வேண்டி வந்தது.

தி_நகர்_ஆடிட்டர்

கோவை கேலரி சொன்ன 2019 கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இறங்கும் கிளப்புக்கு நிதி வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். கோச் ஐயாவின் அணிக்கு வசூல் பண்ணி ஜெர்சி வாங்கலாம். சென்னையின் எஃப்சி-யின் சம்பளப் பட்டியலை அப்படித் தூக்க முடியாது. முதல் இரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு அணி மட்டும் இறங்கட்டும், அந்த அணிக்கு ஒளிபரப்புப் பணத்தில் ஒரு பங்கு தொடரட்டும். அப்படியென்றால் நான் எதிர்க்க மாட்டேன்.

பெரம்பூர்_நீலம்

சார், அது நியாயம். அதோட நான் ஒண்ணு சேக்கறேன். கிளப் லைசென்ஸ்லயே ஊர் இருக்கணும். பங்கு யார்கிட்ட வேணா கை மாறட்டும். பேரு, நிறம், ஊர் மூணையும் மாத்தணும்னா சீசன் டிக்கெட் வச்சிருக்கறவங்களோட ஓட்டு வேணும். ஜெர்மனியில ஓட்டுல பாதிக்கு மேல உறுப்பினர்கள் கையில இருக்கணும்னு விதியே இருக்கு. அவ்வளவு தூரம் இப்போ கேக்கல. ஊரை விட்டுப் போகாதேன்னு சொல்ற உரிமை மட்டும் போதும்.

சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி ஏஐஎஃப்எஃப்புக்கும் நம்ம கிளப் நிர்வாகத்துக்கும் இதை ஒரு கடிதமா அனுப்பலாம்னு இருக்கேன். தமிழ்ல நான் எழுதறேன், இங்கிலீஷ்ல ஆடிட்டர் சார் பாத்துக்கொடுத்தா நல்லாருக்கும். கோச் ஐயா, சென்னை லீக்ல ஏற்ற இறக்கம் எப்படி நடக்குதுன்னு ஒரு பக்கம் எழுதித் தருவீங்களா? அது இல்லாம இந்தக் கடிதம் முழுசாகாது.

வியாசர்பாடி_கோச்

எழுதித் தரேன்பா. ஞாயித்துக்கிழமை காலையில பிராக்டிஸ் முடிஞ்சதும் உக்காந்து எழுதறேன். கையெழுத்துப் போட என் பசங்களும் வருவாங்க.

கோவை_கேலரி

என் பேரையும் சேத்துக்கோங்க. கிளப்புங்கற இடத்துல சென்னை சிட்டி எஃப்சின்னே போடுங்க.