பேமென்ட் கேட்வே கணக்கை மூடிவிட்டது. நிலுவைப் பணத்தை மீட்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஏற்காட்டுக் காப்பித்தூளும் மிளகும் இணையத்தில் விற்கிறேன். வாடிக்கையாளர்கள் இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கி எனக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே நிறுவனம், ஆடி முதல் வாரத்தில் என் கணக்கை மூடிவிட்டது. காரணம், 'ரிஸ்க்' என்ற ஒற்றைச் சொல். நான் விற்பது அரபிகா காப்பி, கள்ளச்சாராயம் அல்ல.

ஜிஎஸ்டி சான்று, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) பதிவு, கொள்முதல் பில், கூரியர் ரசீது எல்லாம் அனுப்பியாயிற்று. தானியங்கிப் பதில்தான் வருகிறது. குறைதீர்ப்பு அதிகாரியும் வாய் திறக்கவில்லை. சார்ஜ்பேக் (வாடிக்கையாளர் தன் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்பது) ஒன்றுகூட இல்லை. இப்போதைக்கு யுபிஐ க்யூஆர் மூலம் சமாளிக்கிறேன். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்ட ஆர்டர்களுக்கான ரூ.64,000 அவர்களிடமே முடங்கிக் கிடக்கிறது; தோட்டக்காரருக்கு நான் பாக்கி.

30 நாள் கடந்ததும் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையப் புகார்த் தளத்தில் புகார் பதியப் போகிறேன். இப்படி முடக்கப்பட்ட தொகையை மீட்டவர்கள், புகாருடன் எந்தெந்த ஆவணங்களை இணைத்தீர்கள்?