திரையில் பதினாறு வயது: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

மைதானத்து மண்:

குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 19 ஆண்டுகளாகக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். திரையில் பெரியவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக நடிப்பது நம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதற்குப் போன ஆடி மாதம் நடந்த ஒன்றை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ ஊரிலோ இதுபோல் நேர்ந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஆடும் பையன் ஒருவன். பத்தாம் வகுப்பு. தந்தை விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன் என்பதால் பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டே வரும். அவன் இரண்டு வாரமாக நொண்டினான். கேட்டால் "ஒன்றுமில்லை சார்" என்றான். ஒரு நாள் மாலை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னேன். முட்டுச் சிரட்டைக்கு இரண்டு விரல் கீழே எலும்பு புடைத்திருந்தது. தொட்டதும் துள்ளினான். வளர்கிற வயதில் அளவுக்கு மீறி வேலை வாங்கினால் வருகிற வலி அது. தசைநார் பிடித்து இழுக்கும் அந்த இடத்தில் எலும்பு இன்னும் இறுகியிருக்காது.

"வீட்டில் என்ன செய்கிறாய், மக்களே?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். இரண்டு பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்ட் கலவை ஊற்றி, நடுவே இரும்புக் கம்பி கொடுத்து, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மொட்டை மாடியில் தினமும் 200 தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறான். எதற்கு என்றேன். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அமெரிக்கத் தொடர் ஒன்றில் பள்ளி அணிக்கு ஆடும் கதாநாயகன். "அவனும் பள்ளியில்தான் படிக்கிறான் சார். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. நான் மட்டும் ஏன் இப்படி இருக்கிறேன்?" 'இப்படி' என்று சொன்னபோது துருத்திக்கொண்டிருந்த தன் தோளெலும்பைத் தொட்டான்.

தொடரின் பெயர் 'ஆல் அமெரிக்கன்'. அங்கேயே மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டேன். தொடர் தொடங்கியது 2018 அக்டோபரில். நாயகனாக நடித்த டேனியல் எஸ்ரா பிறந்தது 1991 டிசம்பரில். கழித்தால் 26 வயது. பையன் குச்சியை வாங்கித் தானும் ஒருமுறை கழித்துப் பார்த்தான். பிறகு, நான் முன்பு விரும்பிப் பார்த்த 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' தொடரையும் சொன்னேன். 2006இல் அது தொடங்கியபோது பள்ளி அணியின் தலைவனாக நடித்த ஸ்காட் போர்ட்டருக்கு 27, டெய்லர் கிட்ஷுக்கு 25, ஸாக் கில்ஃபோர்டுக்கு 24. பயிற்சியாளரின் மகளாக வந்த ஏமி டீகார்டன் உண்மையிலேயே 16 வயதுப் பெண்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் 16, 17 வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்க முடியாது. அன்று படப்பிடிப்பு இடத்திலேயே 3 மணி நேரம் பாடமும் நடக்க வேண்டும். நல்ல சட்டம். நம் நாட்டிலும் 2017 விதிகளின்படி 14 வயது நிறையாத குழந்தை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளைகளை வாட்டக் கூடாது என்பதால் பெரியவர்கள் நடிக்கிறார்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 26 வயது உடம்பைச் சட்டையில்லாமல் காட்டி, அதைப் பள்ளிப் பையனின் உடம்பு என்று சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வளர்கிற பையனுக்கு முதலில் எலும்பு நீளும். சதை பின்னால்தான் வந்து சேரும். அதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

போதாக்குறைக்கு அந்தத் தொடர்களில் வருவது அமெரிக்கக் கால்பந்து, கையில் பந்தை ஏந்திக்கொண்டு ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். நம் ஆட்டமே வேறு. நம் மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி வரை போன மைக்கேல் சூசைராஜும் இதே இடது ஓரத்தில் ஓடியவர்தான், அவர் ஆடுவதைப் பார் என்று சொன்னேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. எழுந்து போகும்போது கேட்டான்: "அப்படியானால் நான் சரியாகத்தான் இருக்கிறேனா சார்?"

தூத்தூர்க் கரை:

சார், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 17 வயதில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் படப்பிடிப்பு நடந்தது. ஆடத் தெரிந்த பையன்கள் வேண்டும் என்று எங்கள் பள்ளி அணியை அழைத்தார்கள். நான்தான் அப்போது அணித் தலைவன்.

கதையில் அணித் தலைவனாக நடித்த அண்ணனுக்கு முப்பது வயது இருக்கும். காலையில் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு வருவார். மதியச் சாப்பாடு முடிவதற்குள் தாடை பச்சை படர்ந்துவிடும். ஒப்பனைக்காரர் பஞ்சால் ஒற்றி ஒற்றி மாவு பூசுவார். வெயிலில் அது வழிந்து சட்டைக் காலரில் இறங்கும். அந்த அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். பந்தை நெஞ்சில் வாங்கி இறக்குவது எப்படி என்று இடைவேளையில் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். எங்களோடு தரையில் அமர்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார்.

கால்களை மட்டும் காட்டும் இடங்களில் நான்தான் அவருக்கு டூப். அவருடைய பூட்ஸ் எனக்கு இரண்டு அளவு பெரியது. முன்பக்கம் செய்தித்தாளைத் திணித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன். கோல் என் காலிலிருந்து போகும், துள்ளிக் குதிப்பது அவர் முகமாக இருக்கும். அதுகூட எனக்கு வருத்தமில்லை, தொழில் அப்படி.

மனதில் தைத்தது வேறு. அணி வரிசையாக நிற்கும் காட்சியில் நான் அவர் பக்கத்தில் நின்றேன். கேமராவில் பார்த்தவர்கள், "இந்தப் பையன் எட்டாம் வகுப்பு மாதிரி தெரிகிறான், பின்னால் தள்ளு" என்றார்கள். என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, கல்லூரி முடித்த ஓர் அண்ணனை என் இடத்தில் நிறுத்தினார்கள். அங்கே நின்றவர்களில் உண்மையான 17 வயது என்னுடையதுதான். அன்று இரவு சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மார்த்தாண்டம் அம்மா:

ஆசிரியருக்கு வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு, இறகுப்பந்து ஆடுகிறாள். கொரியத் தொடர்கள் என்றால் உயிர். நானும் அவளும் சேர்ந்துதான் 'ட்வெண்டி ஃபைவ் ட்வெண்டி ஒன்' பார்த்தோம். 1998இல், பொருளாதார நெருக்கடியால் தன் பள்ளியின் வாள்வீச்சு அணி கலைக்கப்பட்டதும் வேறு பள்ளிக்கு மாறும் மாணவியின் கதை. அந்த வேடத்தில் நடித்த கிம் டே ரி 1990இல் பிறந்தவர். 2022 பிப்ரவரியில் தொடர் வந்தபோது அவருக்கு 31 வயது.

எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. தோற்றுவிட்டு முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்குவதும், அம்மாவிடம் கத்திவிட்டுக் கதவைச் சாத்துவதும் என் மகளேதான். வயதானவர் நடித்ததால்தான் அந்த வயதை அவ்வளவு தெளிவாகக் காட்ட முடிந்தது என்றுகூட நினைக்கிறேன். அவர் பிடித்த அதே சேபர் வாளோடுதான் நம் சென்னைப் பெண் பவானி தேவி டோக்கியோவுக்குப் போனார், வாள்வீச்சில் ஒலிம்பிக் கண்ட முதல் இந்தியர் அவர் என்று சொன்னதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் நீங்கள் சொல்வதும் உண்மை. "அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் அம்மா ஒரு பருகூட வரவில்லை?" என்று கேட்டாள். வயதைச் சொன்னேன். இரண்டு கன்னத்தையும் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு 'ரேக்கெட் பாய்ஸ்' என்ற கொரியத் தொடரைப் பார்க்கச் சொன்னேன். 2021இல் வந்தது. கொரியாவின் தென்கோடியில், நம் குமரி முனை போல நிலம் முடியும் ஹேனம் பகுதியில் இறகுப்பந்து ஆடும் பள்ளிப் பையன்கள். நாயகனாக நடித்த டாங் ஜுன் சாங்குக்கு அப்போது 17 வயது. ஒல்லிக் கால்கள், ஒழுங்கில்லாத தலைமுடி. "இவர்கள் எங்கள் அணி மாதிரியே இருக்கிறார்கள்" என்றாள். உங்கள் மாணவனுக்கும் அதைக் காட்டுங்கள் சார்.

மைதானத்து மண்:

கட்டாயம் காட்டுகிறேன் அம்மா. தூத்தூர்த் தம்பி, நீங்கள் எழுதியதை இன்று காலை அணியைச் சுற்றி உட்காரவைத்து வாசித்தேன். கண்ணாடி இடம் வந்ததும் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

பையனின் முழங்கால் வலி பெருமளவு குறைந்திருக்கிறது. ஆறு வாரம் ஓட்டத்தைக் குறைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி மட்டும் கொடுத்தேன். சிமெண்ட் டப்பாக்களை அவனே சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். கம்பியை நடுவில் அறுத்தோம். மைதானத்தின் கடல் பக்கத்து இரண்டு மூலைகளிலும் இப்போது கொடிக்கம்பங்களாக நிற்கின்றன.