புதுப்பிப்பு: கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சர்தான் பழுது

காலையில் இஞ்சின் திணறுவதையும், புகையில் பெட்ரோல் வாடை அடிப்பதையும், ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுழல்வதையும் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தேன். பட்டறையில் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) மாற்றச் சொன்னதையும் குறிப்பிட்டிருந்தேன். தெர்மோஸ்டாட்டில் குறை இல்லை.

ஈசூன் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இரவு முழுவதும் நின்ற காரில் சாவியை மட்டும் திருப்பி, காரின் கணினி பெறும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரைப் பார்த்தபோது, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை 29 பாகையாகவும் கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 12 பாகையாகவும் காட்டியது. குளிர்ந்த இஞ்சினில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் மைனஸ் 12க்கு வழியே இல்லை. அதை நம்பிய இஞ்சின் கணினி, கடுங்குளிருக்கு ஏற்றபடி எரிபொருளை அள்ளி ஊற்றியிருக்கிறது.

உடனே சென்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஏனெனில் பழுதான கம்பியும் இதே பொய்யைச் சொல்லும். சென்சரிலிருந்து கம்பி இணைப்பைக் கழற்றியதும் அளவு மைனஸ் 40க்கு இறங்கியது. கழற்றிய இணைப்பின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்ததும் அளவு உச்சத்துக்கு ஏறியது. இரண்டும் எதிர்பார்த்தபடியே நடந்ததால் கம்பியும் கணினியும் நலம். மல்டிமீட்டரில் சென்சரின் மின்தடை 10 கிலோ ஓம் அளவில் நின்றது. இவ்வகை சென்சரில் 30 பாகைக்கு ஏறத்தாழ 1.7 கிலோ ஓம் இருக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற மின்தடை குறைவதே இதன் இயல்பு என்பதால், புதிய சென்சரைப் பொருத்துமுன் வெந்நீர்க் குவளையில் அமிழ்த்திப் பார்த்தேன்: 80 பாகையில் சுமார் 320 ஓம்.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பழையதைக் கழற்றினேன். சிந்திய கூலன்ட்டை ஈடுசெய்து காற்றையும் வெளியேற்றினேன். இன்று காலை இரு அளவுகளும் 28 பாகை.