மறு: நினைவுக் கலங்களில் ‘இடம்விட்டு நகராதவை’ – கலைச்சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசி பற்றிய மாணவர் கையேட்டுக்காக, tissue-resident memory T cell என்பதற்குத் தமிழில் நான் கேட்ட சொல்லுக்கு (எங்கள் கலமும் இழையமும் தமிழ்நாட்டில் செல்லும் திசுவும்) இதுவரை நான்கு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன: திசுவாழ் நினைவு டி செல், இழையத்துறை நினைவுக் கலம், இழையவதி நினைவுக் கலம், நீங்கா நினைவுக் கலம். இங்கே திருகோணமலை உவர்மலையில் என்னிடம் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான்கையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், என்ன விளங்குகிறது என்று கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பொருளைப் பார்ப்போம். குழுமத்தில் பாதிப்பேர் ‘வாழ்தல்’ என்பதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம். விஷயமோ ‘வெளியேறாமை’யில் இருக்கிறது.

ஒரு பற்றீரியா முதல்தடவை உள்ளே வரும்போது அதை இனங்காணும் ரி-கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் நிணநீர்க் கணுக்களில் பெருகிக் குருதி வழியே தொற்றுள்ள இடத்துக்குப் போகின்றன. (ரி, டி சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) தொற்று அடங்கியதும் பெரும்பாலானவை செத்துவிடும். மிஞ்சுபவைதான் நினைவுக் கலங்கள். 1999இல் சல்லுஸ்டோ, லன்சாவெக்கியா குழுவினர் இவற்றை மைய நினைவு, செயல் நினைவு என இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டும் சுற்றித் திரிபவை. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே மூன்றாவது வகை தெளிவாகியது: தொற்று நடந்த இழையத்திலேயே நின்றுவிடுபவை, குருதிக்குத் திரும்பாதவை.

திரும்பவில்லை என்று எப்படித் தெரியும்? இரண்டு சுண்டெலிகளின் பக்கத்தோலைச் சேர்த்துத் தைத்துவிட்டால் சில நாட்களில் குருதி ஓட்டம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். சுற்றும் கலங்கள் இரண்டு உடலிலும் கலந்துவிடும். இந்த மூன்றாம் வகை மட்டும் அந்தந்த எலியின் இழையத்திலேயே கிடக்கும், மற்றதன் உடலுக்குப் போகாது. இன்னொரு வழி இலேசானது. எலியைக் கொல்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒளிரும் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரியை (antibody) நாளத்தில் ஏற்றுவார்கள். குருதியில் நிற்கும் கலங்களெல்லாம் சாயம் பூசிக்கொள்ளும், இழையத்துக்குள் ஒதுங்கியவை பூசிக்கொள்ளா.

அவை ஏன் வெளியேறுவதில்லை என்பதற்கும் பொறிமுறை உண்டு. குருதியிலும் நிணநீரிலும் ஒரு கொழுப்புச் சைகைப்பொருள் செறிவாக இருக்கிறது. ரி-கலம் தன் மேற்பரப்பிலுள்ள ஒரு வாங்கியால் (receptor) அதை உணர்ந்துதான் வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்கிறது. நமது கலத்தில் சீடி 69 என்ற புரதம் அந்த வாங்கியைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறது. அதோடு பல கலங்களில் சீடி 103 என்பது உறுப்பின் மேற்பரப்பைப் போர்த்தும் மேலணி இழையத்தின் கலங்களோடு கொளுவிக்கொள்கிறது. ஒன்று வாசலை மறைக்கிறது, மற்றது கையைப் பிடித்து வைத்திருக்கிறது. இதற்கு வைக்கும் சொல்லில் ‘வாழ்’ போதாது என்று நான் சொல்வது இதனால்தான். நரம்புக் கலமும் இழையத்தில்தான் வாழ்கிறது. அதற்கு யாரும் ‘வாழ்’ போடுவதில்லை.

இனிக் குக்கல். தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கக்குவான் இருமல். டப்ளின் திரித்துவக் கல்லூரியில் கிங்ஸ்டன் மில்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிகப் பொருத்தம். ஃபிங்கோலிமோட் என்றொரு மருந்து இருக்கிறது, பல்லிடத் தண்டுமரப்பு (multiple sclerosis) நோயாளருக்குக் கொடுப்பது. அது ரி-கலங்களை நிணநீர்க் கணுவுக்குள் அடைத்துவைக்கும். குக்கல் கிருமி முதல்தடவை தொற்றும் எலிக்கு அதைக் கொடுத்தால் நுரையீரலுக்குப் படை வந்து சேராது, தொற்று முற்றிவிடும். ஆனால் ஒருமுறை குக்கல் வந்து தேறிய எலிக்கு, இரண்டாம் முறை கிருமியை விடுமுன் அதே மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை, கிருமி விரைவாகவே துடைக்கப்பட்டது. வெளியிலிருந்து யாரும் வரத் தேவைப்படவில்லை. முன்பே நுரையீரலில் நின்றவை போதுமாயிருந்தன.

எங்கள் கடற்கரையில் இதைச் சொல்லிக்கொடுப்பது சுகம். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுவார்கள். வாடைக்காற்று எழும்ப வாடியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் இங்கேயே நின்றுவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இந்தக் கலம். பிறப்பால் நுரையீரலைச் சேர்ந்ததல்ல, ஒரு காரியமாக வந்து நின்றுவிட்டது. சொல்லில் இந்த ‘வந்து நின்ற’ தன்மையும் இருக்கவேண்டும்.

இப்போது வகுப்பில் நடந்தது. ‘இழையத்துறை’யைப் பார்த்ததும் ஒரு பிள்ளை, “சேர், இது எந்தக் கம்பசில இருக்கு?” என்றான். உறை என்ற வினையைப் புணர்ச்சி விழுங்கித் துறையாக்கிவிட்டது. எங்கள் ஊரில் துறை என்றால் ஒன்று படிக்கும் துறை, மற்றது படகு ஏறும் இறங்குதுறை. இரண்டும் ஆட்கள் போய்வரும் இடம், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ‘இழையவதி’ எனக்கு ஓரளவு பிடித்திருந்தது. வதிவிடச் சான்றிதழ் வாங்கக் கிராம சேவையாளரிடம் போகாத வீடு இங்கே இல்லை, ஆகவே வதி என்ற வினை உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பின் வாங்கிலிருந்து “யாற்ற அம்மம்மா?” என்று ஒரு குரல் வந்தது. பாக்கியவதி, லீலாவதி வரிசையில் இழையவதியும் போய் உட்கார்ந்துவிட்டாள். ‘நீங்கா நினைவுக் கலம்’ தமிழாக அழகு. எழுதியவர் பொறுத்தருள்க: ஈழத்தில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் இறந்தவரின் 31ஆம் நாள் நினைவு மலரும் அட்டைப்படத்தில் மாலை போட்ட படமும்தான் கண்முன் வரும். வகுப்பு சிரித்து அடங்க நேரம் எடுத்தது.

என் முன்மொழிவு: பதிநினைவுக் கலம்.

பதிதல் என்பதில் ஓரிடத்தில் ஊன்றி இருத்தலும் உண்டு, மனத்தில் பதிதலும் உண்டு. இடமும் நினைவும் ஒரே வினையில் கிடைக்கும்போது விடலாமா? விவசாயம் படித்த பிள்ளைக்குப் பதிவைத்தல் (கிளையை மண்ணில் பதித்து வேர்விடச் செய்தல்) தெரியும். பெயராகக் கொண்டாலும் பதி என்றால் உறைவிடம். புகார் நகரத்து மக்களைச் சிலப்பதிகாரம் ‘பதியெழு வறியாப் பழங்குடி’ என்கிறது, ஊரைவிட்டுப் பெயர்தலை அறியாதவர்கள் என்று. (சம்பூர்க்காரரும் மூதூர்க்காரரும் இடம்பெயர்ந்து அலைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. கலத்துக்காவது அந்தக் கொடுப்பினை இருக்கட்டும்.)

இழையம் என்பதைச் சொல்லிலிருந்து வேண்டுமென்றேதான் விட்டேன். நடைமுறையில் எந்த உறுப்பு என்று சொல்லாமல் யாரும் இக்கலத்தைப் பற்றி எழுதுவதில்லை: நுரையீரல் பதிநினைவுக் கலம், தோல் பதிநினைவுக் கலம். பிறகு எதற்கு நடுவில் ஓர் இழையம்? பாஸ்டனில் மிஸ்ஜெர்ட் குழுவினர் 2018இல் காட்டியது இதற்கு உதவும். நிமோனியா உண்டாக்கும் நியூமோகொக்கசுத் தொற்று நுரையீரலின் ஒரு சோணையில் (மடல், lobe) வந்து தேறிய எலியில் அந்தச் சோணையில்தான் இக்கலங்கள் நின்றன. மறுதொற்றிலிருந்து காவலும் அந்தச் சோணைக்கே கிடைத்தது, பக்கத்துச் சோணைக்குக் கிடைக்கவில்லை. இழையம் ஒன்றுதான், பதி வேறு.

சுற்றித் திரியும் மற்ற இரண்டுக்கும் பொதுவாக உலா நினைவுக் கலம் என்று வைக்கலாம். உலாவும் பதியும் இணையாக வரும்.

— உவர்மலையிலிருந்து

~

ஐயா, வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். ‘நீங்கா நினைவு’ என் கைவரிசைதான். எங்கள் ஊர் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலும் அந்தச் சொல் உண்டு என்பது உங்கள் மடலைப் படித்த பிறகுதான் உறைத்தது. வாபஸ்.

‘பதி’யில் எனக்கு மூன்று தயக்கம்.

பதிந்துவிட்டது என்றால் நிரந்தரம் என்று படிக்கிறவர் நினைப்பார். தோலில் இந்த செல்கள் நெடுநாள் நிற்கின்றன, சரி. நுரையீரலில் அப்படி இல்லை. இன்ஃப்ளூயன்சா வந்து தேறிய எலிகளின் நுரையீரலில் சில மாதங்களிலேயே இவை மளமளவென்று குறைந்துவிடுகின்றன. கக்குவானை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு நிரந்தரம் தொனிக்கும் சொல்லை வைத்தால், ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் வராது என்று மாணவன் எழுதிவைப்பான். கக்குவான் மறுபடியும் வரும் நோய்.

அடுத்தது, ‘பதிநினைவு’ என்று சேர்த்து எழுதினால் கணவனின் நினைவு என்றும் படிக்கலாம். பதிவிரதை இருக்கிற மொழியில் இதை யோசிக்காமல் விட முடியாது. நீங்கள் அம்மம்மாவை விரட்டிவிட்டுத் தாத்தாவைக் கூட்டி வருகிறீர்கள்.

கடைசியாக, இதே ‘resident’ அடைமொழி கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜுக்கும் வருகிறதே, நுரையீரல் நுண்ணறைகளில் இருப்பவை, கல்லீரலில் இருக்கும் குப்ஃபர் செல்கள்? அவற்றுக்குப் பதி பொருந்துமா? அவை எந்த நோய்க்காகவும் வந்து நின்றவை இல்லையே.

‘உலா’ அருமை. அதை விடாதீர்கள்.

~

கோவை நண்பருக்கு,

தாத்தா விஷயத்தில் பிடி உங்களுடையது. ஆனால் கணவன், தலைவன் என்ற பொருளில் பதி இன்று தனியாக நடமாடுவதில்லை, பதிவிரதை, சபாபதி என்று ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. பின்னால் ‘நினைவுக் கலம்’ என்று முழுதாக வரும்போது அந்தப் பொருளுக்குப் போகிறவர் குறைவு. வகுப்பில் ஒரு பிள்ளையும் போகவில்லை. அவர்களுக்கு வேறு சங்கடம்: துறைமுகப் பட்டினம் அல்லவா, ‘கலம்’ என்றால் மீன்பிடிக் கலமும் நினைவுக்கு வருகிறதாம். அதற்கு நான் என்ன செய்ய!

நிரந்தரம் பற்றிய தயக்கத்தை ஏற்கமாட்டேன். பதிந்தது அழியாது என்று தமிழில் யார் சொன்னது? மணலில் பதிந்த காலடி அடுத்த அலைக்கு நிற்காது. பதிதல் என்றால் ஊன்றி இருத்தல். எவ்வளவு காலத்துக்கு என்பது சொல்லில் இல்லை. உங்கள் ‘நீங்கா’வில்தான் அது இருந்தது. ஆனாலும் கையேட்டில் அந்த எச்சரிக்கை இருக்கவேண்டும் என்பது சரி. இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்:

“குக்கல் வந்து தேறியவரின் நுரையீரலிலும் மூக்கின் உட்புறத்திலும் பதிநினைவுக் கலங்கள் நிற்கலாம். அதே கிருமி மீண்டும் வந்தால் இவை குருதியிலிருந்து உதவி வரும்வரை காத்திராமல் அங்கேயே பெருகி, கிருமிகளை விழுங்கும் தின்குழியங்களை அழைக்கும் சைகைப்பொருட்களைச் சுரக்கும். இக்கலங்கள் காலப்போக்கில் குறையக்கூடும். அதனால் குக்கல் ஒருவருக்கு மறுபடியும் வரலாம்.”

‘நிற்கலாம்’ என்று போட்டதற்குக் காரணம், நாம் இங்கே பேசிய சோதனைகளெல்லாம் விலங்குகளில் செய்தவை.

இதற்கு அடுத்த பந்தியில் ஊசி வருகிறது. அங்கேதான் இச்சொல்லுக்கு உண்மையான வேலை. முழுக்கல ஊசி (கொன்ற கிருமி முழுதாக இருப்பது) போட்ட எலிகளின் மூக்கில் பதிநினைவுக் கலங்கள் உருவாகிக் கிருமி அங்கே குடியேறாமல் தடுத்தன. கலமற்ற ஊசி (கிருமியின் சில புரதங்கள் மட்டும் இருப்பது) போட்டவற்றில் அப்படி நடக்கவில்லை. 2014இல் வெளியான பபூன் குரங்கு ஆய்விலும் கலமற்ற ஊசி நோயைத் தடுத்தது, கிருமி தொண்டையில் தங்கி மற்றக் குரங்குக்குப் பரவுவதைத் தடுக்கவில்லை. பிறபொருளெதிரிகள் குருதியில் நிறைய இருந்தும் இப்படி. அமெரிக்கா 1990களில் கலமற்றதற்கு மாறியது. இங்கே இலங்கையில் 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசியிலும் 18ஆம் மாத முக்கூட்டு ஊசியிலும் முழுக்கலக் கூறுதான் இருக்கிறது. உங்கள் பக்கம் 6, 10, 14 வாரங்களில் போடுவதும் அதுதானே? ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்து தொடை வீங்கினால் தாய்மார் கிளினிக்கில் வந்து சத்தம் போடுவார்கள், ‘வெளிநாட்டு ஊசி’ நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். முழுக்கல ஊசிக்குக் காய்ச்சல் கூடத்தான். பதிலுக்கு மூக்கில் என்ன நிற்கக்கூடும் என்று சொல்ல இதுவரை தமிழில் கையடக்கமான ஒரு சொல் இருக்கவில்லை.

மேக்ரோஃபேஜ் கேள்விதான் கடினம். நுண்ணறைகளில் இருப்பவை கருக்காலத்து முன்னோடிக் கலங்களிலிருந்து வந்து, பிறந்த கையோடு அங்கே அமர்ந்து, தாமே பெருகிக்கொள்கின்றன. நோய்க்காக வந்தவையல்ல என்று நீங்கள் சொன்னது சரி, ஆனால் அவையும் வந்து ஊன்றியவைதான். ஆகவே ‘பதி பெருந்தின்குழியம்’ என்பதில் பொருட்குற்றம் இல்லை. வாய்க்குள் நுழையாது என்பது வேறு குற்றம், அதைப் பெருந்தின்குழியத்தின் தலையில் போடுங்கள். உங்கள் ஊரில் அதை ‘பெருவிழுங்கி’ என்று எழுதுவதாக ஞாபகம். ‘பதி பெருவிழுங்கி’ எவ்வளவோ மேல். எங்கள் பாடத்திட்டச் சொல்லை விட்டுக்கொடுக்க நான் தயார், சோதனைத் தாள் திருத்துபவர்கள் தயாரா தெரியாது.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. பதிநினைவுக் கலம், உலா நினைவுக் கலம் இரண்டுக்கும் மறுப்பிருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். சோணையா மடலா என்பதைத் தயவுசெய்து வேறு தலைப்பில் தொடங்குங்கள், இதற்குள் வேண்டாம்.

— உவர்மலையிலிருந்து